பொட்டலம் சுற்றிய தாள்

ஜனவரி 6

அன்புத் தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். அம்மா சுகம். நானும் ஏதோ சுகம். நீயும் உன் மனைவியும் கர்த்தருடைய காவலில் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

அம்மாவின் இடது குதிகால் புண் இன்னும் ஆறவில்லை. சர்க்கரை உடம்பு, மெதுவாகத்தான் ஆறும் என்கிறார் டாக்டர். தினமும் காலையில் வேலைக்குப் போகுமுன் வெந்நீரை ஆறவிட்டு, காலைக் கழுவி, விரலிடுக்கில் ஈரம் இல்லாமல் ஒற்றி எடுத்து, கைக்கண்ணாடியை அடியில் பிடித்து உள்ளங்காலில் வேறெங்காவது சிவந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் மருந்து வைத்துக் கட்டுகிறேன். கட்டி முடித்த உடனே அம்மா கண்ணாடியைப் பிடுங்கிக்கொள்வாள். "காலைப் பாத்தது போதும், கொஞ்சம் என் மூஞ்சியையும் பாப்போம்" என்று தலையைக் கோதிக்கொள்வாள். அடுத்த கேள்வி எப்போதும் ஒன்றுதான். "தம்பிகிட்ட இருந்து லெட்டர் வந்துச்சா?"

இப்போது என் விஷயம். வலது கையில் மூன்று விரல் மரத்துப்போகிறது. இருபத்தாறு வருடம் துணி வெட்டிய கை. மணிக்கட்டில் நரம்பு அழுந்தியிருக்கிறதாம். ஏப்ரலுக்குள் கீறிச் சரிசெய்யாவிட்டால் கத்தரியை மறந்துவிட வேண்டியதுதான் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அதற்குப்பின் ஆறு வாரம் எதையும் தூக்கக் கூடாது. அம்மாவைக் கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாற்ற, இரண்டு அக்குளிலும் கைகொடுத்துத் தூக்க வேண்டும். வேறு ஆள் இல்லை.

அந்த ஆறு வாரம் மட்டும் அம்மாவை உன்னிடம் வைத்துக்கொள். இதுவரை நான் உன்னிடம் எதுவும் கேட்டதில்லை. பதில் போடு.

அன்புடன்,
அக்கா

பிப்ரவரி 2

கர்த்தருக்குள் பிரியமான அக்காவுக்கு,

ஸ்தோத்திரம். இங்கே நாங்கள் அவருடைய கிருபையால் சுகம். உங்கள் இருவருக்காகவும் தவறாமல் ஜெபிக்கிறோம்.

உன் கடிதத்தை வாசித்து அழுதுவிட்டேன் அக்கா. பெற்றவர்களைக் கனம்பண்ணச் சொல்லும் ஐந்தாம் கட்டளையை நான் மேடையில் பேசுகிறேன், நீ வாழ்ந்து காட்டுகிறாய். அந்தக் கண்ணாடி விஷயம் எத்தனை தடவை வாசித்தாலும் மனதை உருக்குகிறது. இன்னும் இதைப்போல விவரமாக எழுது. அம்மா என்ன சொல்கிறாள், நீ என்ன செய்கிறாய், எல்லாவற்றையும் எழுது.

கை விஷயம் கேட்டு வருந்துகிறேன். ஆனால் நம் வீட்டில் இருப்பது இரண்டே அறை. ஒன்றில் சபையின் நாற்காலிகளை அடுக்கி வைத்திருக்கிறோம். ஏப்ரலில் சபை ஆண்டு விழா வேறு. என் நேரத்தையும் பெலனையும் ஆண்டவருக்கென்று கொடுத்துவிட்டேன், அதில் எனக்கே உரிமை இல்லை. நீ புரிந்துகொள்வாய். விழா முடியட்டும், பிறகு யோசிப்போம். அதுவரை கைக்கு வெந்நீர் ஒத்தடம் கொடு.

அம்மாவுக்கு ஒரு சத்துப் பவுடர் டப்பா அனுப்புகிறேன். உன் தம்பி மனைவிதான் கட்டிக் கொடுத்தாள். அம்மாவுக்கு என் முத்தங்கள்.

உன் தம்பி

பிப்ரவரி 11

தம்பிக்கு,

அம்மா சுகம். டப்பா வந்து சேர்ந்தது. நசுங்கவில்லை. கெட்டியாகத் தாள் சுற்றி அழகாகக் கட்டியிருந்தாள் உன் மனைவி.

சின்ன வயதில் கடையிலிருந்து சர்க்கரைப் பொட்டலம் வந்தால் நீ தாளில் ஒட்டியிருக்கும் சர்க்கரையை நக்குவாய், நான் அதிலிருக்கும் எழுத்தைப் படிப்பேன். ஞாபகம் இருக்கிறதா? நீ நக்கிய ஈரம் காயும்வரை காத்திருந்து படிப்பேன். அந்தப் பழக்கம் எனக்கு இன்னும் போகவில்லை ராசா. அதை மறந்துவிட்டாய் பார்.

டப்பாவைச் சுற்றியிருந்தது உன் சபைப் பத்திரிகை. உன் படம் போட்ட பக்கம். "நானும் என் தாயும்" என்று தலைப்பு. தினமும் காலையில் உன் தாயின் வலது காலை உன் கையாலேயே கழுவுகிறாயாம். கண்ணாடி பிடித்துப் பாதத்தைப் பார்க்கிறாயாம். அந்தக் கண்ணாடியில் உன் தாயின் பாதம் தெரியும்போது உனக்குக் கர்த்தரின் பாதம் தெரிகிறதாம். எனக்கு ஒரு நாளும் அப்படித் தெரியவில்லையே! எனக்குப் புண்தான் தெரிந்தது. சீழ் இருக்கிறதா இல்லையா என்றுதான் பார்த்தேன்.

திருடுகிறவன் ஒழுங்காகத் திருட வேண்டாமா? வலது கால் இல்லையடா, இடது கால். காலைச் சுடுதண்ணீரில் வைக்கிறாய் என்று எழுதியிருக்கிறாய். சர்க்கரைக்காரர்கள் காலைச் சுடுதண்ணீரில் வைத்தால் தோல் வெந்துபோகும், அவர்களுக்குத் தெரியக்கூடத் தெரியாது. ஆறிய தண்ணீர் என்றுதானே எழுதியிருந்தேன்? இதைப் படித்துவிட்டு உன் சபையில் எவனாவது தன் அம்மாவின் காலை வேகவைத்திருந்தால் அந்தப் பாவமும் உன் கணக்கில்தான்.

இந்தக் கட்டுரை வந்தது டிசம்பர் இதழில். அப்படியானால் போன வருடம் நான் எழுதிய கடிதங்களையும் நீ இப்படித்தான் மேடையேற்றியிருக்கிறாய். அதனால்தான் "விவரமாக எழுது, விவரமாக எழுது" என்றாயா? நானும் பாசம் என்று நினைத்து மூன்று பக்கம் நான்கு பக்கம் எழுதிக்கொண்டிருந்தேன், மரத்துப்போன கையால்.

ஆண்டவருக்குக் கொடுத்துவிட்டேன் என்று சொல்லி, அம்மாவுக்குக் கொடுக்க வேண்டியதைத் தட்டிக் கழிப்பவர்களை இயேசு 'மாயக்காரரே' என்று திட்டினார் என்பது எனக்கே தெரியும். உனக்குத் தெரியாதா?

மார்ச் பதினைந்துக்குள் வந்து அம்மாவை அழைத்துப்போ. நீ எழுதியதை நீயே செய்து பார்.

அக்கா

பிப்ரவரி 20

அன்பான அக்காவுக்கு,

நீயும் அம்மாவும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். கடிதம் கிடைத்த அன்றே உட்கார்ந்து எழுதுகிறேன்.

உன் கோபம் நியாயம். ஆனால் நீ நினைப்பதுபோல் இல்லை. முதலில் பிரசங்கத்தில் "எனக்குத் தெரிந்த ஒருவர்" என்றுதான் சொன்னேன். கேட்டவர்கள் அது நான்தான் என்று எடுத்துக்கொண்டார்கள். எங்கள் சபை மூப்பர் வந்து கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். அந்த நேரத்தில் எப்படி மறுப்பது? பிறகு பத்திரிகைக்குக் கேட்டார்கள். அப்படியே போய்விட்டது.

ஒன்று யோசித்துப் பார் அக்கா. அந்தப் பிரசங்கத்தைக் கேட்டு ஒரு பெண் முதியோர் இல்லத்தில் விட்டிருந்த தன் அப்பாவை வீட்டுக்கு அழைத்துவந்துவிட்டாள். உன் சேவைக்குத்தானே அந்தப் பலன்? யார் பெயரில் வந்தால் என்ன?

மார்ச்சில் அம்மாவை அழைத்துவர முடியாது. அம்மா ஏற்கெனவே என்னோடு இருப்பதாக எல்லோரும் நினைத்துக்கொண்டிருக்கும்போது, இப்போது புதிதாக வந்து இறங்கினால் கேள்வி வரும். தயவுசெய்து இதைப்பற்றி யாருக்கும் எழுதிவிடாதே. மூப்பர் நல்ல மனிதர், உடைந்துபோவார். கைக்கு நல்ல டாக்டரிடம் காட்டு. ஜெபிக்கிறேன்.

உன் தம்பி

மார்ச் 1

தம்பிக்கு,

அம்மா சுகம், என்னைப்பற்றி நீ விசாரிக்க வேண்டாம். அவசரம் என்றால் உனக்கும் ஒன்பதே நாளில் பதில் எழுத வருகிறது என்று தெரிந்துகொண்டேன்.

போன செவ்வாய்க்கிழமை நாற்பது காலர் வெட்டினேன். நர்சுகள் போடும் மேலங்கிக்கு. நாற்பதும் கோணல். கத்தரி எங்கே போகிறது என்றே விரலுக்குத் தெரியவில்லை. சூப்பர்வைசர் ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தார். "என்னம்மா, உங்க கையா இது?" என்றார். திட்டியிருந்தால்கூடப் பொறுத்திருப்பேன். ஏப்ரல் கடைசிக்குள் கையைக் கீறிக்கொண்டால், ஆறும்வரை என் வேலையை வைத்திருப்பாராம். நீ மேடையில் போட்டுக்கொண்ட முதல் வெள்ளை அங்கியை வெட்டியதும் இதே கைதான். அது கோணலாக இல்லையே?

அந்தத் தாளை அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். அவள் வயிறு எரிய வேண்டும் என்றுதான் படித்தேன், பொய் சொல்லமாட்டேன். முழுவதையும் கேட்டாள். "எவ்வளவு அழகா எழுதறான் பாரு! சின்னதுல இருந்தே அவனுக்குக் கற்பனை ஜாஸ்தி" என்றாள். பிறகு அந்தத் தாளை வாங்கி மடித்துத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டாள்.

நான் சமையலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். அவளைக் கழுவித் துடைத்துத் தூக்கி உட்கார வைக்கிறவள் நான். அவள் தலையணைக்குக் கீழே நீ.

இனி உன்னிடம் கெஞ்சமாட்டேன்.

அக்கா

மார்ச் 12

மதிப்பிற்குரிய மூப்பர் ஐயா அவர்களுக்கு,

வணக்கம். தாங்களும் சபையாரும் சுகமாக இருக்க வேண்டுகிறேன். தங்கள் முகவரி சபைப் பத்திரிகையின் அடியில் அச்சாகியிருந்ததால் துணிந்து எழுதுகிறேன்.

போதகரின் தாயார் தற்சமயம் உறவினர் வீட்டில் தங்கியிருக்கிறார்கள். மகனைப்பற்றிப் பத்திரிகையில் வந்ததைப் படித்துக் கேட்டு மிகவும் சந்தோஷப்பட்டார்கள். ஆண்டு விழா ஞாயிறு அன்று சபையார் அவர்களைப் பார்க்க விரும்பினால் நானே அழைத்துவருகிறேன். போதகருக்கு இதை இப்போதே சொல்ல வேண்டாம், அன்று நேரில் பார்க்கட்டும். சக்கர நாற்காலி உள்ளே வர வழி இருந்தால் போதும்.

இப்படிக்கு,
போதகரின் குடும்பத்தைச் சேர்ந்தவள்

மார்ச் 24

அன்புச் சகோதரிக்கு,

கர்த்தருக்கு மகிமை! தங்கள் கடிதம் கண்டு எங்கள் மூப்பர் குழுவே சிறுபிள்ளைகள்போலக் குதிக்கிறது. அந்தத் தாயாரைப் பார்க்க வேண்டும் என்று சபையார் ஒரு வருடமாகக் கேட்கிறார்கள். போதகர் மிகுந்த அடக்கம் உள்ளவர். "அம்மா உள்ளே ஓய்வெடுக்கிறார்கள், தொந்தரவு வேண்டாம்" என்றே சொல்லி அனுப்பிவிடுவார்.

வாசல்படிக்கு மரப்பலகையில் சரிவு செய்யச் சொல்லிவிட்டேன். முதல் வரிசையில் இடம் ஒதுக்கியிருக்கிறேன். அம்மாவை நாலு வார்த்தை பேசச் சொல்லலாமா? போதகரிடம் மூச்சுவிடமாட்டேன்.

கர்த்தருடைய பணியில்,
மூப்பர்

ஏப்ரல் 20

தம்பிக்கு,

அம்மா சுகமா என்று இனி நீதான் எனக்கு எழுத வேண்டும். நான் உடம்புக்குக் குறையில்லாமல் ஊர் வந்து சேர்ந்தேன்.

நேற்று நடந்ததை நீ பார்க்கவில்லை. அங்கேதான் நின்றாய், ஆனால் கண்ணை இறுக்க மூடிக்கொண்டு ஜெபிப்பதுபோல நின்றாய். அதனால் நான் சொல்கிறேன், கேள்.

நீ ஒலிபெருக்கியில் அறிக்கை வாசித்துக்கொண்டிருந்தாய். சக்கர நாற்காலி கிறீச்சிட்டுக்கொண்டு பலகைமேல் ஏறியது. அந்தச் சத்தத்துக்கு எண்ணெய் விட வேண்டும் என்று போன மாதமே நினைத்திருந்தேன். வேண்டுமென்றே விடவில்லை. நீ நிமிர்ந்து பார்த்தாய். வாசித்த வரியையே மறுபடி வாசித்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டாய். அந்த ஒரு நொடிக்காக ஏழு மணிநேரம் வண்டியில் வந்தேன் தம்பி. ருசியாக இருந்தது. இன்னும் நாக்கில் இருக்கிறது.

மூப்பர் ஒலிபெருக்கியை அம்மாவின் வாயருகே கொண்டுபோனார். "அம்மா, உங்க மகன் உங்களை எப்படிப் பாத்துக்கறார்னு நீங்களே ஒரு வார்த்தை சொல்லுங்க" என்றார். நான் அம்மாவுக்கு எதையும் சொல்லிக்கொடுத்து அழைத்துவரவில்லை. உள்ளதைச் சொன்னாலே போதும், நீ ஒழிந்தாய் என்று நினைத்துக்கொண்டு பின்னால் நின்றேன்.

அம்மா தொண்டையைக் கனைத்துக்கொண்டாள். "என் புள்ள தினமும் காலைல அவன் கையாலதான் என் காலைக் கழுவறான். கண்ணாடி புடிச்சுப் பாத்து மருந்து வெச்சுக் கட்டறான்" என்றாள். சபை முழுவதும் கண்ணைத் துடைத்தது.

மூப்பர் குனிந்து காலில் இருந்த கட்டைப் பார்த்தார். அவர் நல்ல மனிதர்தான், கண்ணும் நல்ல கண். "பத்திரிகைல வலது காலுன்னு போட்டிருந்துச்சே?" என்றார். அம்மா கண் இமைக்கவில்லை. "அது ஆறிப் போச்சு ஐயா. இப்ப இது."

எப்படிப்பட்ட பொய்! ஒரு பொட்டுப் பொய்கூடச் சொல்ல விடாமல் நம்மை வளர்த்தவள். அவள் வாயிலிருந்து அது வழுக்கிக்கொண்டு வந்தது.

கை தட்டினார்கள். பக்கத்து வரிசையிலிருந்த ஒரு அம்மா என்னைப் பார்த்து, "கூட வந்திருக்கிறது யாரும்மா?" என்று அவளைக் கேட்டாள். அம்மா திரும்பி என்னைப் பார்த்தாள். நேராகத்தான் பார்த்தாள். "இதுவா? எனக்கு ஒத்தாசைக்கு இருக்கற பொண்ணு. தங்கமான பொண்ணு."

நான் மூப்பருக்கு எழுதியபோது "போதகரின் அக்கா" என்று கையெழுத்துப் போட்டிருந்தால் அவளால் அப்படிச் சொல்லியிருக்க முடியாது. உன்னைத் திடீரென்று பிடிக்க வேண்டும் என்ற ஆசையில் என் உறவை நானே மறைத்துவிட்டேன். அந்த இடைவெளியில் அவள் நுழைந்துவிட்டாள்.

நீ வாய் திறப்பாய் என்று பார்த்தேன். நீ "ஆமென்" என்றாய்.

அதனால்தான் மருந்துப் பையையும் கண்ணாடியையும் உன் மனைவி கையில் கொடுத்துவிட்டுக் கிளம்பினேன். ஒத்தாசைக்கு வந்தவளுக்குக் குடும்பத்தோடு உட்கார்ந்து சாப்பிட என்ன உரிமை? இனி அம்மா உன்னோடுதான். அவளை நீ திருப்பி அனுப்பினால் உன் சபைக்குக் காரணம் சொல்ல வேண்டும். சொல்லு பார்ப்போம்.

வியாழக்கிழமை கையைக் கீறுகிறார்கள்.

அக்கா

ஜூன் 3

அக்கா,

கை எப்படி இருக்கிறது? இத்தனை நாள் எழுதவில்லை. எழுத உட்கார்ந்தால் பிரசங்கமாக வந்தது, கிழித்துப் போட்டேன்.

முதல் நாள் நான் கட்டிய கட்டு மத்தியானத்துக்குள் அவிழ்ந்து கட்டிலுக்கடியில் கிடந்தது. "என் பொண்ணு கட்டினா ரெண்டு நாளானாலும் அசையாது" என்றாள் அம்மா. தூக்கினால், "என் பொண்ணு தூக்கினா எனக்கு எலும்பு இருக்கறதே தெரியாது." பால் கொடுத்தால், "என் பொண்ணு கொடுக்கற சூடு இது இல்ல." காலையிலிருந்து படுக்கும்வரை உன் புராணம்தான். அங்கே என் புராணம் பாடினாள் என்று எழுதுவாயே, அப்போது நான் சிரித்தேன். இப்போது சிரிப்பு வரவில்லை.

இன்னொன்றும் நடந்தது. பத்திரிகையில் படித்ததை நேரில் பார்க்க வேண்டும் என்று சபைப் பெண்கள் தினமும் காலையில் இரண்டு பேர் மூன்று பேராக வந்து நிற்க ஆரம்பித்தார்கள். நான் தரையில் உட்கார்ந்து காலைக் கழுவுவேன், அவர்கள் நாற்காலி போட்டுப் பார்ப்பார்கள். கண்ணாடியை எந்தப் பக்கம் பிடிப்பது என்றுகூட எனக்குத் தெரியவில்லை. முதல் நாள் அதில் என் முகம்தான் தெரிந்தது. நீ கேட்ட தண்டனை இதைவிடப் பெரிதாக இருந்திருக்காது.

போன ஞாயிறு மேடையில் சொல்லிவிட்டேன். பத்திரிகையில் எழுதியதெல்லாம் என் அக்கா செய்தது என்றும், அன்று வந்தவள் வேலைக்காரி இல்லை, அவள்தான் என் அக்கா என்றும் சொன்னேன். சொல்லும்போது அழுதுவிட்டேன். நிறையப் பேர் அழுதார்கள். அம்மா முதல் வரிசையிலிருந்து எல்லோருக்கும் கேட்கும்படி, "உனக்கு எதுக்குடா இந்த வேண்டாத வேலை?" என்றாள். மூப்பர் என் முகத்தைப் பார்க்காமல் பாட்டுப் புத்தகத்தை மூடிவிட்டு வெளியே போனார். ஆறு மாதம் நான் பிரசங்கம் பண்ணக் கூடாது என்று குழு முடிவெடுத்திருக்கிறது.

ஆறு வாரம் முடிகிறது. இனி அம்மாவை எங்கே வைத்துக்கொள்வது என்று நீயே சொல். நீ என்ன சொன்னாலும் கேட்கிறேன்.

தம்பி

ஜூன் 12

தம்பிக்கு,

கை நன்றாக இருக்கிறது. கையெழுத்தைப் பார்த்தாலே தெரியும். போன திங்கள்கிழமை அறுபது காலர் வெட்டினேன், ஒன்றுகூடக் கோணவில்லை.

மேடையில் சொன்னாயாக்கும். நீ அழுதாயாக்கும், அவர்களும் அழுதார்களாக்கும். என் வேலையைத் திருடி ஒரு தடவை அழவைத்தாய். அந்தத் திருட்டைச் சொல்லி இன்னொரு தடவை அழவைத்தாய். இரண்டு தடவையும் ஒலிபெருக்கி உன் கையில்தான் இருந்தது. எனக்குத் தனியாக ஒரு கார்டு போட்டு "தப்பு பண்ணிட்டேன் அக்கா" என்று எழுத உனக்கு ஒன்றரை மாதம் வரவில்லை. இந்தக் கடிதத்திலும் அந்த வார்த்தை இல்லை, திருப்பிப் படித்துப் பார்.

உன்மேல் இருந்த கோபம் பாதி ஆறிவிட்டது என்று வைத்துக்கொள். கண்ணாடியில் உன் முகம் தெரிந்தது என்று எழுதினாய் பார், அதற்காக. அம்மாமேல் இருப்பது ஆறவில்லை. பதினோரு வருடம் தடவித் தடவிப் பார்த்துக்கொண்ட என்னை ஊரார் முன்னால் வேலைக்காரி என்றாளே! அதுவும் "தங்கமான" என்று ஒரு சொல்லைப் போட்டு. அந்தத் தங்கம் எனக்கு வேண்டாம்.

அம்மாவின் சோப்பும் நகம் வெட்டியும் இங்கேயே இருந்துவிட்டன, அனுப்புகிறேன். காலர் வெட்டும் பழைய அளவுத் தாளில் சுற்றியிருக்கிறேன். சுற்றிய தாளை எறியாதே, அதில் அம்மாவுக்கு எழுதியிருப்பதைப் படித்துக் காட்டு. இதுதான் அது:

"அம்மா, தினமும் காலையில் உன் மகன் உன் காலைக் கழுவும்போது உன்னிடம் ஒரே ஒரு கேள்வி கேட்பான். 'அக்கா உனக்கு யாரு?' நீ சரியான பதில் சொல்லும் அன்றைக்கு எனக்கு எழுதச் சொல். வந்து அழைத்துப்போகிறேன். அதுவரை வரமாட்டேன்."

அக்கா

ஜூன் 24

அன்புள்ள அண்ணிக்கு,

நீங்கள் நலமா? கை வலி இல்லையே? உங்கள் தம்பி எழுத முடியாமல் உட்கார்ந்திருக்கிறார், அதனால் நான் எழுதுகிறேன்.

நீங்கள் சொன்னபடி அவர் தினமும் அத்தையிடம் கேட்டார். அத்தை கண்ணாடியை வாங்கி முகத்தைப் பார்த்துத் தலையைக் கோதிக்கொள்வார்கள். ஐந்து நாள் இப்படியே போனது. ஆறாம் நாள் கண்ணாடியைக் கீழே வைத்துவிட்டுப் பேசினார்கள். ஒரு வார்த்தை மாற்றாமல் எழுதுகிறேன், கோபிக்காதீர்கள்.

"அவ யாருன்னு அவளுக்குத் தெரியாதா? நானா சொல்லணும்? அன்னைக்கு அவ என்னை அம்மான்னா அங்க கூட்டிட்டு வந்தா? சாட்சி சொல்லக் கூட்டிட்டு வந்தா. வண்டியில ஏழு மணிநேரம் கால் வலிக்க வலிக்கக் கூட்டிட்டு வந்தா, 'வலிக்குதாம்மா'ன்னு ஒரு தடவை கேக்கல. என் புள்ளைய என் வாயாலயே வெட்டப் பாத்தா. இவன் என்னைப் பத்திரிகைல போட்டான், அவ என்னைச் சபையில கொண்டு போய் நிறுத்தினா. அவ என்னைச் சாட்சியாக்கினா, நான் அவளை வேலைக்காரியாக்கினேன். பதில் வேணும்னா அவளையே வரச் சொல்லு. அவ காலைக் கழுவட்டும், மூஞ்சிக்கு நேரா சொல்றேன். அதுவரைக்கும் எவனும் என் காலைத் தொட வேண்டாம்."

சொல்லிவிட்டுக் காலை உள்ளே இழுத்துப் போர்வையால் மூடிக்கொண்டார்கள். இன்றோடு மூன்று நாளாகிறது. நான் கெஞ்சினேன், அவர் காலடியில் உட்கார்ந்து அழுதார், ஒன்றும் நடக்கவில்லை. இன்று காலை அவர்கள் காலில் கட்டிய துணியிலிருந்து வாடை வருகிறது அண்ணி. எனக்குப் பயமாக இருக்கிறது.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். வீட்டில் வெறும் பழுப்புத் தாள் நிறைய இருந்தது. நீங்கள் தாளைப் படிப்பீர்கள் என்று அவர் எப்போதோ சிரித்துக்கொண்டே சொன்னது எனக்கு ஞாபகம் இருந்தது. பிப்ரவரியில் அந்தப் பொட்டலத்தைத் தெரிந்துதான் அப்படிக் கட்டினேன்.

உங்கள் அன்பு,
தம்பி மனைவி

ஜூன் 27

அன்புள்ள தம்பி மனைவிக்கு,

உன் கடிதம் இப்போதுதான் வந்தது. நீ பொட்டலத்தைத் தெரிந்துதான் கட்டினாய் என்பது எனக்கு அப்போதே தெரியும். படம் இருந்த பக்கத்தை வெளியே தெரியும்படி யாரும் தெரியாமல் சுற்றமாட்டார்கள். நீ சுகமாக இரு.

நாளைக் காலை வண்டிக்கு வருகிறேன். இந்தக் கடிதம் எனக்குப் பின்னால்தான் உன்னிடம் வந்து சேரும். ஆனாலும் எழுதுகிறேன், நேரில் வந்தால் இதைச் சொல்லமாட்டேன். வண்டியில் வரும்போது கால் வலிக்கிறதா என்று நான் கேட்கவில்லைதான். ஏழு மணிநேரமும் உன் வீட்டுக்காரன் முகம் எப்படி வெளுக்கும் என்றே நினைத்துக்கொண்டு வந்தேன். அவள் ஒரு தடவை காலை நீட்டப் பார்த்தாள். "கொஞ்சம் பொறும்மா" என்றேன்.

அதற்காக நான் அவளை மன்னித்துவிட்டேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். அவளும் என்னை மன்னிக்கமாட்டாள், எனக்குத் தெரியும், அவள் வயிற்றில்தானே பிறந்தேன். வாசல்படி ஏறியதும் சண்டை ஆரம்பிக்கும். உன் பக்கத்து வீட்டுக்காரர்களிடம் இப்போதே சொல்லி வை.

தண்ணீரைக் கொதிக்கவைத்து ஆறவிட்டு வைக்கச் சொல்ல நினைத்தேன். கடிதம் எங்கே முன்னால் வரப்போகிறது? நானே வந்து வைத்துக்கொள்கிறேன். முதலில் காலைக் கழுவுகிறேன். நான் அவளுக்கு யார் என்று அப்புறம் கேட்டுக்கொள்கிறேன்.

அண்ணி